அயிரைக்குக் கொழுப்பு அதிகமா?

அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் கொழுப்பு எண் எகிறியதும் எங்கள் வீட்டில் முதலில் தண்டிக்கப்பட்டது அயிரை மீன்தான். "அதில் கொழுப்பு இருக்கிறது, இனி வேண்டாம்" என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். சாயங்கால பஜ்ஜிக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். அயிரை மாதிரி நம் கண்மாயிலும் வயலிலும் அகப்படும் சிறு மீன்கள் பெரும்பாலானவற்றில் 100 கிராமுக்கு 5 கிராமை ஒட்டியோ அதற்குக் கீழோதான் கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ 13, 14 கிராம். அம்மா ஊற்றுவது குழிக்கரண்டியில். குழம்பின் மேலே செக்கச்செவேலென்று மிதப்பது அயிரை கொண்டுவந்த சீதனம் அல்ல, நாம் ஊற்றியது.

அந்தக் கொஞ்சமும் ஆட்டுக் கொழுப்பின் சாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்த கறிக்குழம்பைத் திங்கட்கிழமை காலையில் திறந்தால் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். மீன் குழம்பு அப்படி உறைவதில்லை. மீன் கொழுப்பில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றில் ஒரு பங்கு ஒமேகா-3. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டிஹெச்ஏ அந்த வகைதான்.

ஆனாலும் ஒமேகா-3 விஷயத்தில் மத்தி மீனோடு அயிரை மோத முடியாது. அந்தப் பொறுப்பு முழுவதையும் அயிரையின் தலையில் கட்ட நான் வரவில்லை. அதன் பலமே தலையோடும் கண்ணோடும் குடலோடும் முள்ளோடும் நாம் தின்பதில் இருக்கிறது. முள்ளில் சுண்ணாம்புச் சத்து. பல சிறு மீன்களில் வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் குடலிலும்தான். அது உடம்பில் சேரக் கொழுப்பும் வேண்டும். வஞ்சிரத் துண்டுக்குக் காசை இறைப்பவர் வீட்டில் இந்தப் பங்கெல்லாம் பூனைக்குப் போய்விடுகிறது. (பூனைக்கு விவரம் தெரியும்.)

பொடிக் கெண்டையை முறுகப் பொரிப்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. பொரிக்கும்போது மீனின் கொழுப்பு சட்டிக்கு இறங்குகிறது, சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறுகிறது. குழம்பில் மீனின் கொழுப்பு இறங்கினாலும் எங்கே போய்விடும், சோற்றுக்குத்தானே வரும்!

போன ஞாயிறு மதுரை கரிமேட்டு மீன் சந்தையில் உயிர் அயிரை கால் கிலோ வாங்கினேன். கிலோ விலை ஆயிரத்தைத் தாண்டுகிறது, அதற்குமேல் கை நீளவில்லை. பாலை ஊற்றியதும் வாயைத் திறந்து திறந்து மண்ணைக் கக்கின. சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசியதும் வழவழப்பெல்லாம் நுரையாகப் போனது. தாளிக்கும்போது குழிக்கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சின்னக் கரண்டியில் இரண்டே இரண்டு கரண்டி விட்டேன்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார். "ஏப்பா, எண்ணெயே மிதக்கவில்லை, இது என்ன மீன் குழம்பு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொழுப்பு மீனுக்கு இல்லையாம். இவனுக்குத்தான்."