திறந்தே பார்க்காமல் 3,500 ரூபா

திருத்தக் கொடுத்த கடையில் 11 நாள் வைத்திருந்துவிட்டு, "போர்ட் போயிட்டுது அக்கா, இனிச் சரிவராது, புதுசு ஒண்டு எடுங்கோ" என்று சொல்லி, பார்த்த கூலி 3,500 ரூபாவையும் வாங்கிக்கொண்டு என் மைக்ரோவேவைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, நேரம் முடிந்தால் மணியும் அடிக்கிறது. சாப்பாடு மட்டும் வைத்தது வைத்தபடி குளிர்ந்துபோய் இருக்கிறது. கொடுக்கும்போதே இதை மூன்று தரம் சொன்னேன். அது குமிழைத் திருப்பி நேரம் வைக்கிற பழைய வகை. எண் காட்டும் திரையும் இல்லை, அமத்துகிற பொத்தானும் இல்லை. அதையெல்லாம் இயக்கும் எலக்ட்ரானிக் போர்ட் இதில் எங்கே இருக்கிறது, போவதற்கு? கரண்ட் உள்ளே வரும் இடத்தில் ஒரு சின்ன போர்ட் மட்டும் இருக்கும், அது போயிருந்தால் லைட்டே எரியாதே!

வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் கண்டேன். பின்பக்க ஸ்குரூ ஒன்றை மூடி ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அதன் மூலையில் எப்போதோ நான் கறிக்கையோடு தொட்ட மஞ்சள் கறை, அதுவும் அப்படியே. ஒரு கீறல் இல்லை. அந்த ஸ்குரூவைக் கழற்றாமல் மூடி வரவே வராது. அப்படியென்றால் 11 நாளும் எதைப் பார்த்தீர்கள்? இதற்குள், "பழசை இங்கயே விட்டுட்டுப் போங்கோ, 2,000 தாறன்" என்று கடைக்காரர் வேறு கேட்டார். செத்த சாமானுக்கு ஏன் ஐயா 2,000?

கனடாவில் இருக்கும் தம்பி, "ஃபியூஸாத்தான் இருக்கும், நீங்களே கழட்டுங்கோ அக்கா" என்கிறான். ஆத்திரத்தில் நானும் ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டைக் கழற்றிவிட்டேன். அப்புறம் கை நின்றுவிட்டது. மற்றதெல்லாம் ஓடி, சூடு மட்டும் வரவில்லை என்றால் பிழை பெரும்பாலும் சூடாக்கும் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான், அதற்குக் கரண்ட் கொடுக்கும் டயோட், கெப்பாசிட்டர் இருக்கும் பக்கத்தில்தான். நம் வீட்டு 230 வோல்ட்டை அங்கே ட்ரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 2,000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். அதை வடியவிட உள்ளே ரெசிஸ்டர் இருந்தாலும், அது பழுதாகிக் கிடந்தால் வெளியே தெரியாது. தொட்டால் உயிரே போகும். முன்பு மைக்காத் தாள் கருகிப் பொறி பறந்தபோது புறக்கோட்டையில் தாள் வாங்கி, அளவாகக் கத்தரித்து, நானே போட்டேன். அது சாப்பாடு வைக்கும் இடத்திலேயே இருப்பது, மூடியைத் திறக்கத் தேவையில்லை. இது அப்படியா?

இரண்டு ஸ்குரூவையும் திரும்ப முறுக்கி வைத்துவிட்டேன். நாங்கள் கை வைக்கக்கூடாத சாமான் என்றுதானே உங்களிடம் தூக்கிக்கொண்டு வருகிறோம்? இரவு ஏழு மணிக்கு வேலையால் வந்து, காலையில் அவித்த புட்டைச் சூடாக்கித் தின்ன ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

கடை இருக்கும் வெள்ளவத்தைச் சந்தையடியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது. கொட்டும் மழையில் இந்தப் பாரத்தோடு ஏறினால் ஆட்டோவுக்கு 600 ரூபா. மீட்டர் இருக்கிறது, போடமாட்டாராம்!