பைக்கு டோக்கன் உண்டு, பிள்ளைக்கு?

அந்த வீடியோவ இன்னைக்கு காலைலயும் ஒருத்தர் எனக்கு அனுப்பிட்டார். இதோட ஏழாவது ஆளு. பாத்தாச்சு சாரே, பாத்தாச்சு. நாகர்கோவில்ல ஒரு துணிக்கடை, ஸ்கூல் தொறக்க முன்ன உள்ள கூட்டம், யூனிபார்ம் செக்ஷன்ல ஒரு பொண்ணு ஷாலுக்க ஒரு முனைய மூணு வயசுப் பிள்ளைக்க இடுப்புலயும் மறுமுனைய தன்னுக்க கையிலயும் கட்டிட்டு மூத்தவனுக்கு டவுசர் சைஸ் பாத்துட்டு நிக்கா. அதுக்கு மேல "நாயக் கட்டுன மாதிரி கட்டி வச்சிருக்கா"ன்னு எழுத்து, பின்னால சோக மியூசிக் வேற. எந்தக் கடைன்னு என்கிட்ட கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எல்லாக் கடையும் அப்டித்தான் இருக்கு, எனக்க வெப்ராளமே அதான்.

கமெண்ட் எல்லாம் உக்காந்து வாசிச்சேன். வாசிச்சிருக்கக் கூடாது. "பெத்தவளா இவ", "போன் நோண்ட நேரம் உண்டு, பிள்ளையத் தூக்க கை இல்ல", "வீட்டுல விட்டுட்டு வர வேண்டியதுதானே". எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான், பாதிப் பேரு எனக்கு மியூச்சுவல் ஃபிரெண்டு.

செரி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தக் கடைக்குள்ள நுழையும்போது உங்க கையில இருக்க கட்டைப்பைய வாங்கி வச்சுட்டு ஒரு டோக்கன் குடுப்பான்லா? வண்டிக்கு ஒரு டோக்கன். கோயிலுக்குப் போனா செருப்புக்கு ஒரு டோக்கன். வார் அறுந்து ஊக்கு குத்துன ரப்பர் செருப்புக்குக் கூட காவலுக்கு ஒரு ஆளு உண்டு. பிள்ளைக்கு மட்டும் டோக்கன் கெடையாது. பிள்ளைய நீதான் கட்டி வச்சுக்கணும், கட்டுனா வீடியோ எடுப்பாங்க.

நாலு மாடி கட்டி வச்சிருக்க கடையில ஒரு மூலையில ஒரு ரூம், ஒரு பாய், கொஞ்சம் பொம்மை, கதவுக்கு உயரத்துல ஒரு கொண்டி, பாத்துக்க ரெண்டு பொம்பிளையள், பேரு எழுத ஒரு நோட்டு. இதத்தான் கேக்கேன். வாசல்ல இந்த வேக்காட்டுல ஒரு பையனுக்கு கரடி வேஷம் போட்டு நிறுத்தி பலூன் குடுக்கத் தெரியுது, பிள்ளையள உள்ள இழுக்கத் தெரியுது, உள்ள வந்த பிள்ளைய என்ன செய்யன்னு மட்டும் தெரியாது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு கேக்கிறவங்களுக்கு. எனக்க தங்கச்சி ஐதராபாத்துல இருக்கா. 2018ல அங்க ஐகியான்னு ஒரு பெரிய பர்னிச்சர் கடை தொறந்தப்போ ஊரே திரண்டு போய் டிராபிக் நின்னுச்சுல்லா, அந்தக் கடை. அதுல ஸ்மாலண்டுன்னு ஒரு விளையாட்டு எடம் உண்டு. பிள்ளைக்க உயரம் பாப்பாங்க, தானா பாத்ரூம் சொல்லுமான்னு கேப்பாங்க, பேரும் நம்பரும் எழுதிட்டு விட்டுட்டுப் போகலாம், காசு கெடையாது. ஸ்மாலண்டுங்கிறது அந்த முதலாளி பொறந்த சுவீடன் ஊர்ப்பக்கத்துக்க பேராம். பிறந்த ஊருக்க பேரையே பிள்ளையள் விளையாடுற எடத்துக்கு வச்சிருக்கான் பாருங்க. அவன் ஒண்ணும் தர்மத்துக்குச் செய்யல, பிள்ளை அழலேன்னா தாய் ரெண்டு சாமான் கூட வாங்குவா, அதுதான் கணக்கு. யாவாரத்துல கொம்பன் நாமன்னு சொல்லிக்கிற நம்ம ஆளுகளுக்கு இந்தக் கணக்கு வெளங்கலியா?

எனக்கு ஏன் இம்புட்டு கோவம்னு சிலருக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குச் சொல்லியேன். மூணு வருசத்துக்கு முன்ன கிறிஸ்துமஸ் வாரம், மார்த்தாண்டத்துல ஒரு கடை. இவரு கத்தார்ல. மூத்தவனுக்கு நாலு வயசு, சின்னவன் எட்டு மாசம், இடுப்புல. ஒரு கையில பில்லு, ஒரு கையில பாட்டில், சின்னவன் அழுதான்னு குனிஞ்சு பாட்டில வாயில வச்சுட்டு நிமிந்து பாத்தா மூத்தவனக் காணல. வெளிய மேம்பாலத்துக்கு அடியில எப்டி வண்டி போகும்னு தெரியும்லா? நான் அங்க ஓடவா, உள்ள தேடவா? மைக்குல யாரோ ஒருத்தன் ரெண்டு சட்டை எடுத்தா ஒண்ணு ஃபிரீன்னு கத்திட்டு இருக்கான், அண்ணே எனக்க பிள்ளைக்க பேர ஒருக்கா சொல்லுங்கன்னு கெஞ்சுனா "ஆஃபர் சொல்லி முடிச்சிடட்டும் மேடம்"ன்னு சொல்லியான். முடிச்சுட்டுத்தான் சொன்னான்.

பதினொரு நிமிசம். போன்ல நேரம் பாத்ததுனால தெரியும். சேலை செக்ஷன்ல வேலை பாக்குற பொண்ணு ஒருத்திதான் கண்டுபிடிச்சா, டிரையல் ரூமுக்குப் பின்னால அட்டைப்பெட்டி அடுக்குன சந்துல ஹேங்கர துப்பாக்கியாக்கி வச்சு யாரையோ சுட்டுட்டு இருந்திருக்கான் எனக்க மோன்.

அப்புறம் நடந்தத இதுவரைக்கும் நான் எங்கயும் எழுதுனதில்ல. நான் அவன அடிச்சேன். கடைக்கு நடுவுல, அத்தனை பேரு பாக்க, நல்லா அடிச்சேன். அவன் எதுக்கு அடிக்கான்னு தெரியாம "அம்மை நான் கள்ளனப் பிடிச்சேன்"ன்னு சொல்லிட்டே அழுதான். அத யாரும் வீடியோ எடுக்கல. எடுத்திருந்தா இன்னைக்கு உங்க சோக மியூசிக்குல நான் ஓடிட்டு இருப்பேன். ஷால் கட்டுனவ என்னைய விட ஆயிரம் மடங்கு மேல், அவளுக்காவது முன்யோசனை இருந்துச்சு.

இப்போ உங்க கேள்விக்கெல்லாம் வாறேன். "அந்தக் காலத்துல எங்க அம்மையெல்லாம் ஏழெட்டு பெத்து வளக்கலியா". வளத்தாங்க. எனக்க அப்பாவுக்க அம்மையும் ஏழு பெத்தவதான். திங்கச்சந்தைக்குப் போகும்போது ஏழையும் முடுக்குல விட்டுட்டு "பாத்துக்கோங்க"ன்னு ஒரு சத்தம் மட்டும் குடுத்துட்டுப் போவாளாம், யார்ட்டன்னு பேரு கூட சொல்ல வேண்டாம், அந்த முடுக்குல உள்ள அத்தனை பேரும் பாத்துப்பாங்க. இப்போ எனக்க வலது பக்கத்து வீடு பூட்டிக் கெடக்கு, அவங்க துபாய்ல. இடது பக்கத்துல எண்பது வயசு தாத்தாவும் ஒரு நாயும். 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீதம் படிச்சவங்க, தமிழ்நாட்டுலயே நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தான் முதல்னு மேடைக்கு மேடை பேசுவோம்லா, அந்தப் படிச்சதெல்லாம் எங்க இருக்கு? ஏர்போர்ட்டுல இருக்கு. வீட்டுல பிள்ளையப் பிடிக்க ஆளில்ல.

"அங்கன்வாடி இருக்கே". 1975லருந்து இருக்கு, நல்ல விசயம், எனக்க மூத்தவனும் அங்கதான் போனான். ஞாயித்துக்கிழமை தொறக்குமா? நாம கடைக்குப் போறதே ஞாயித்துக்கிழமைதான்.

"மாமியார்ட்ட விடலாமே". எனக்க அத்தைக்கு ரெண்டு முட்டும் போச்சு, ஓடுற பிள்ளைக்குப் பின்னால அவங்க எப்டி ஓடுவாங்க? பிள்ளை வளத்து முடிச்ச பொம்பிளைய இன்னொரு ரவுண்டு வளக்கச் சொல்றது மட்டும் உங்களுக்கு ரொம்ப ஈசியா வருது.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கிட்ட பிள்ளைய எப்டி விட". இது செரியான கேள்விதான். கேமரா வேணும், விட்ட ஆளுதான் கூப்பிடணும், நேரம் வைக்கணும். எனக்கும் பயம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்கூல் வேன்ல ஏத்தி விடுறப்போ அந்த டிரைவருக்க முழுப்பேரு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

"புருசன் கூட வந்தா பிரச்சனையே இல்லியே". ஆமாமா. எல்லாத் துணிக்கடையிலயும் ஒரு வரிசை சேர் போட்டு, மேல ஃபேன் போட்டு, தண்ணி வச்சு, ஆம்பிளையள உக்கார வச்சிருப்பான். பாத்திருக்கீங்களா? அதுக்குப் பேரு என்ன? பொம்பிளையள் துணி எடுத்து முடிக்கது வரைக்கும் ஆம்பிளையளப் பத்திரமா வச்சிருக்க எடம். நாப்பது வயசு ஆளுக்கு காப்பகம் உண்டு, நாலு வயசுக்கு இல்ல. இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க, நான் இந்தப் போஸ்ட்ட அழிச்சுடுதேன்.

எதிர்த்தவங்க கூட பரவால்ல. அந்தப் பொண்ணுக்கு சப்போர்ட் பண்ணுனவங்கதான் எனக்கு ரொம்ப வலிக்க வச்சது. "பாவம், அவளுக்கா வாங்குனா? பிள்ளைக்கு யூனிபார்ம்தானே எடுத்தா"ன்னு. அதென்ன நியாயம்? அவ தனக்கு ஒரு சேலை எடுத்திருந்தா அப்போ தப்பா? நாத்தனாருக்க கல்யாணத்துக்கு நாலு சேலைய விரிச்சுப் போட்டு, கண்ணாடி முன்ன நின்னு, தோள்ல வச்சுப் பாத்து, வேண்டாம்னு மடக்கி வச்சுட்டு அஞ்சாவது எடுத்தா குத்தமா? நான் கடைசியா எனக்குன்னு ஒரு சேலைய நிதானமா பாத்து எடுத்தது எப்போன்னு யோசிச்சுப் பாத்தேன். மூத்தவன் பொறக்க முன்ன. அதுக்கப்புறம் எல்லாமே "இந்தப் பச்சை போதும், பில் போடுங்க". பிள்ளைக்குன்னா மன்னிப்பு, தனக்குன்னா கொலைக்குத்தம். 2015ல பஸ் ஸ்டாண்டுல தாய்மார் பாலூட்டும் அறை கட்டுனப்போவும் சிரிச்ச ஆளுங்கதான் நீங்க. எனக்க சித்தப்பா ஒருத்தர் "இனி பஸ்ஸுக்குள்ள தொட்டில் கட்டுவாங்க"ன்னு சொன்னாரு, எனக்கு நல்ல ஓர்ம உண்டு.

அந்த சேலை செக்ஷன் பொண்ணப் பத்திச் சொல்லாம விட்டா எனக்கு ஒறக்கம் வராது. எனக்க மோனத் தூக்கிட்டு வந்து தந்துட்டு "அக்கா அடிக்காதீங்க, எனக்க மோளுக்கும் இதே வயசுதான்"ன்னு சொன்னா. குலசேகரம் பக்கம். காலைல பிள்ளை முழிக்க முன்ன பஸ் ஏறணும், ராத்திரி போகும்போது பிள்ளை ஒறங்கிடும். ஞாயித்துக்கிழமை கூட்டம்னு லீவும் கெடையாது. 2017ல பேறுகாலச் சட்டத்தத் திருத்தி, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல பிள்ளையளப் பாக்க வசதி செய்யணும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவ போய்ப் பாக்கலாம்னு எழுதி வச்சிருக்கு. அதுக்கப்புறம் ஒருநாள் போனப்போ இத அவகிட்ட சொன்னேன், "அப்டியாக்கா"ன்னு சிரிச்சா. கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சுல்லா, அதையே அவ ஸ்டூல் மேல துணிய அடுக்கி வச்சிருந்தத காட்டித்தான் எனக்குச் சொன்னா. அப்போ அந்த ரூம் ஒண்ணு இருந்தா எனக்க மோனும் அவளுக்க மோளும் ஒண்ணா அந்தப் பாயில கெடந்து அடிபிடி கூடியிருப்பாங்க. அது யாருக்கு நஷ்டம்?

கடைசியா, அந்த வீடியோவ எங்க குடும்ப குரூப்புல போட்டு கீழ சிரிக்கிற பொம்மையும் போட்ட அண்ணனுக்கு. பேரு சொல்லல, உங்களுக்கே தெரியும். போன வருசம் உங்க மச்சினனுக்க கல்யாணத்துக்கு நீங்களும் மயினியும் திருநெல்வேலிக்கு ஜவுளி எடுக்கப் போனப்போ உங்க ரெண்டு பிள்ளையளும் எனக்க வீட்டுலதான் கெடந்துது. காலைல எட்டு மணிக்கு விட்டீங்க, ராத்திரி பத்தரைக்கு வந்து தூக்குனீங்க. சின்னவளுக்கு அன்னைக்கு பேதி. நான் உங்களுக்கு போன் கூட பண்ணல, நிதானமா எடுத்துட்டு வரட்டும்னு.