பிரிந்து போவதற்கு முன் பாட்டைப் பதிவு செய்யுங்கள்

"பொடியள் கொஞ்ச நாள் பாட்டு, பாண்ட் என்று திரிஞ்சாங்கள். பிறகு ஆளாளுக்கு வெளிக்கிட்டிட்டாங்கள்."

எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒரு பாண்டின், அதாவது ஒரு இசைக்குழுவின், கதையை இப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ நாலு பேர் சேர்ந்து, சினிமாப் பாட்டை விட்டுவிட்டு, தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப்போட்டு இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் அது ஒரு முழு இசை வாழ்க்கை. அதற்குரிய மரியாதையை நாங்கள் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்போல் என்று ஒரு பாண்ட். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் சம்பெய்ன், ஏர்பனா என்று ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள், சுற்றிவரச் சோளக் காணி, நடுவில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே படித்த மூன்று பேர் 1997-இல் தொடங்கினார்கள். 1999-இல் ஒரே ஒரு முழு அல்பம். அதையும் படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போகிற நேரத்தில்தான் பதிவு செய்தார்கள். வெளியிட்டது பொலிவினைல் என்ற உள்ளூர்ச் சிறு நிறுவனம். அல்பம் வந்த கொஞ்சக் காலத்தில் பாண்டே இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பெரிதாக வாசிக்கவும் இல்லை. ட்ரம்ஸ் அடித்தவர் பிறகு கொலராடோவில் பல்கலைக்கழக ஆசிரியராகப் போனார்.

ஆனால் அந்த அல்பம் சாகவில்லை. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்து, இணையத்தில் கைமாறி, பத்துப் பதினைந்து வருடம் தானாக ஊர்ந்து போனது. 2014-இல் அவர்கள் திரும்ப ஒன்றுசேர்ந்தபோது நியூயோர்க்கில் பெரிய மண்டபத்தின் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அல்பத்தின் அட்டையில் இருக்கும் வெள்ளை நிற மர வீட்டைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் ஏர்பனாவுக்குப் போகிறார்கள். 2023-இல் அந்த வீட்டைப் பாண்டும் பொலிவினைலும் நண்பர்களும் சேர்ந்து வாங்கியே விட்டார்கள். இவ்வளவும் நடந்தது, கலைவதற்கு முன் யாரோ மைக்கை வைத்துப் பதிவு பட்டனை அழுத்தியதால்.

இந்த வகை இசையை ஈமோ என்பார்கள். 80களின் நடுவில் வாஷிங்டன் நகரத்துப் பங்க் பொடியளிடமிருந்து வந்தது. தொடக்கத்தில் இருந்த ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங் என்ற பாண்ட் இரண்டு வருடமளவில் கலைந்துவிட்டது, மேடை ஏறியதும் இருபது தடவைக்குள்தான். கோபத்தை மட்டும் கத்திக்கொண்டிருந்த பங்க் இசைக்குள் இவர்கள் பிரிவையும் அழுகையையும் கொண்டுவந்தார்கள். பிறகு அது சின்ன ஊர்களுக்குப் போனபோது இன்னும் மென்மையானது. இரண்டு கிற்றார் ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஓடும், கம்பிகளை வழமைக்கு மாறாக எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று சுருதி கூட்டுவார்கள், தாளம் நாலில் நிற்காமல் ஐந்துக்கும் ஏழுக்கும் போய்வரும். இடையில் ஒரு ட்ரம்பெற் வந்து எதுவும் பேசாமல் போகும்.

சரி, இது ஏன் வன்னியில் இருக்கிற எனக்கு?

பரந்தன் பக்கத்தில் நாலு பிள்ளைகள் இப்படி ஒரு பாண்ட் வைத்திருக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டார்கள், போடவில்லை. மூன்று பொடியள், பாடுவது ஒரு தங்கச்சி. ட்ரம்ஸ் அடிப்பவன் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த ஏழு எண்ணிக்கைத் தாளத்தை இணையத்தில் பார்த்துப் பார்த்து எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், இவன் "தகிட தகதிமி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு சும்மா அடிக்கிறான். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவர்கள் யாரையும் கொப்பி அடிக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஒன்றைத் தங்கள் வீட்டுக் கணக்கில் வாசிக்கிறார்கள். பாட்டுகளும் இங்கத்தையவைதான். கடைசி பஸ் போன பிறகு ஏ9 சந்தியில் நிற்பது, உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளில் வீட்டில் யாரும் எதுவும் கேட்காதது, வெளிநாடு போனவள் போனில் மெல்ல மெல்லக் கதைப்பதைக் குறைப்பது. ஒரு பாட்டு முழுக்க, பக்கத்தில் இருந்து சாப்பிட்டும் பேசாத அப்பாவைப் பற்றியது.

இதைக் கேட்ட ஒரு பெரியவர் சொன்னார்: "நாங்கள் பட்டது காணாதோ தம்பி? இவங்களுக்கு என்ன குறை? காதல் போனதுக்கெல்லாம் மேடையில நிண்டு அழுறாங்கள்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இழந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த இடத்தில் நான் பிள்ளைகளின் பக்கம்தான் நிற்பேன். போர் முடிந்த 2009 மே மாதத்தில் இவர்கள் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள். முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றது கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது, மிச்சம் எல்லாம் பெரியவர்களின் மௌனத்திலிருந்து தெரிந்துகொண்டது. அந்த மௌனத்துக்குள் வளர்ந்த பிள்ளைக்குத் தன் சின்னத் துக்கத்தைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. பரீட்சையில் தவறினாலும் காதல் முறிந்தாலும், "இதெல்லாம் ஒரு கவலையோ" என்ற கேள்வி வாசலிலேயே நிற்கிறது. எங்கள் ஊரில் ஒப்பாரி வைத்து அழப் பெண்களுக்கு ஒரு வழி இருந்தது. ஆண்பிள்ளைக்கு அதுவும் இல்லை. அப்பாவைப் பற்றிய அந்தப் பாட்டு போரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஆனால் அதை எழுத வைத்தது எது என்று அந்தப் பெரியவருக்கும் விளங்கும் என்று நம்புகிறேன்.

மேடைக்கு வருவோம். வன்னியில் ஒரு இசைக்குழுவுக்குக் காசு வருவது கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும்தான். திருவிழாவில் அன்றைய உபயகாரர்தான் எல்லாம் தீர்மானிப்பார். லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், முதலில் ரெண்டு பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, விடிய விடிய. அந்தக் குழுக்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அவர்கள் பெரிய உழைப்பாளிகள், பல வீடுகள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று பாட நேரம் கேட்ட இந்தப் பிள்ளைகளுக்கு "சனம் எழும்பிப் போயிடும்" என்று பதில் வந்தது. பாட விட்டால்தானே போகிறார்களா இருக்கிறார்களா என்று தெரியும்? ஒவ்வொரு ஊரிலும் பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது, பல நாட்கள் பூட்டியே கிடக்கிறது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள், வவுனியாவில் 2021-இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். ஏர்பனாவில் இருந்த மாதிரியே இளம் ஆட்கள் இங்கேயும் வந்து குவிந்திருக்கிறார்கள். மாதம் ஒரு மாலை, ஐம்பது கதிரை, சொந்தப் பாட்டு மட்டும் என்று ஒரு நிகழ்ச்சி வைக்க என்ன தடை?

மேடையை விடவும் அவசரம் பதிவுதான். 70களில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய பொப் பாடல்கள் இன்றைக்கும் கலியாண வீடுகளில் ஓடுகின்றன, அவை இசைத்தட்டில் ஏறியதால். அதே காலத்திலும் பின்னரும் வன்னியில் வாசித்த எத்தனையோ பேரின் சத்தம் எங்கே? கசெற்றில் இருந்த கொஞ்சமும் இடப்பெயர்வுகளில் போட்டோ அல்பங்களோடு போய்விட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். இப்போது கரண்ட் இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இருந்தும் இந்தப் பிள்ளைகளின் பாட்டுகள் போனில் இரைச்சலோடு பிடித்த வீடியோக்களாக மட்டும்தான் இருக்கின்றன.

பேஸ் வாசிக்கும் தம்பிக்கு கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது. அவன் போகட்டும், வீட்டுக் கடனுக்கு அவன்தான் வழி, யாரும் மறிக்கக் கூடாது. அவன் போவதற்குள் ஆறு பாட்டையும் ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் பழகுகிற கொட்டிலுக்குத் தகரக் கூரை, மாரி தொடங்கினால் மழைச் சத்தத்தில் ஒன்றும் பிடிக்க முடியாது. கிளிநொச்சி, பரந்தன் பக்கத்தில் சத்தம் குறைந்த ஒரு அறை இரண்டு மூன்று நாளைக்குத் தேவை. ட்ரம்ஸுக்கு வைக்க நாலு மைக், மைக்குகளைக் கணினியோடு இணைக்கிற ஒரு ஓடியோ இன்ரர்ஃபேஸ் இரவல் தரக்கூடியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். கோபுரத்துக்கும் தேருக்கும் அள்ளித் தருகிற வெளிநாட்டு உறவுகளையும் கேட்கிறேன். பதிவைக் கலந்து முடிக்கத் தெரிந்த ஒருவருக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதைப் பொறுப்பெடுக்க ஒருவர் வந்தாலே போதும்.