நாலு மணி வெயிலை யாரும் படத்தில் வைப்பதில்லை

பங்குனி கடைசியில் ஒரு நாள் திருநெல்வேலி கேடிசி நகர் பக்கம் போயிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் 3டி படம் போட்டுக் கொடுத்த வீடு ஒன்று அங்கே இருக்கிறது. பால் காய்ச்சிய அன்று பார்த்ததோடு சரி. சும்மா எட்டிப் பார்ப்போமே என்று வண்டியைத் திருப்பினேன். மணி நாலு இருக்கும்.

அந்த வீட்டு முகப்பில் என் பெருமையெல்லாம் ஒரு கண்ணாடிதான். மேற்குப் பார்த்த பட்டாசலுக்கு (ஹாலுக்கு), பத்தடி அகலம், ஏழடி உயரம். படத்தில் அந்தி வானம் அதில் செக்கச்செவேலென்று மின்னும், உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். துபாயில் இருந்த அண்ணாச்சி வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ஒரு கோடு மாத்தக் கூடாது" என்று வாய்ஸ் அனுப்பினார். மாற்றவில்லை. அப்படியே கட்டினார்கள்.

நான் போனபோது கண்ணாடியைக் காணோம். உள்பக்கம் கயிறு கட்டி இரண்டு கோரைப்பாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பாய்க்கும் நடுவில் விட்டுப்போன சந்து வழியாக ஒரு பட்டை வெயில் சோபாவில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் மட்டும் துணி வெளுத்து, மெரூன் நிறத்தில் ஒரு பழுப்புக் கோடு. சோபாவில் யாரும் உட்காருவதில்லை போல, மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பாயைப் பார்த்தார்கள்.

"பத்தமடையில சொல்லி எடுத்தோம் தம்பி. ஒங்க படத்துல இது இல்லைல்லா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எனக்கு மோர் இறங்கவில்லை.

பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. என்ஜினியர்கள் பிளான் அனுப்புவார்கள், நான் சுவர் எழுப்பி, கலர் அடித்து, விளக்குப் போட்டு அனுப்புவேன். எலிவேஷன், அதாவது வீட்டு முகப்புப் படம், ஒன்றுக்கு இவ்வளவு, இன்டீரியர் ஒரு அறைக்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே கீழே எழுதப்போவதில் திட்டு வாங்கப்போகிறவர்களில் முதல் ஆள் நானே.

நம் ஊரில் சுற்றும் எலிவேஷன் படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் மணி ஆறேகால். வானம் நீலமும் ஆரஞ்சுமாக இருக்கும், தரை இப்போதுதான் மழை பெய்ததுபோல் நனைந்து மினுங்கும், வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். அந்தி வெளிச்சத்தில் எந்த வீடும் அழகுதான். மாட்டுத்தொழுவத்தைக்கூட அந்த நேரத்தில் ஒரு ரிசார்ட் மாதிரி காட்டிவிடலாம், நான் காட்டியிருக்கிறேன். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, மீதி இருபத்துமூன்றே முக்கால் மணி நேரம் அந்த வீட்டில் குடியிருக்கப்போவது வேறு ஆட்கள்.

இதில் மென்பொருளைக் குறை சொல்லவே முடியாது. ஒளி ஒரு பரப்பில் பட்டு எவ்வளவு தெறிக்கும், அது அடுத்த சுவரில் எவ்வளவு விழும் என்பதற்கான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா என்பவர் 1986-லேயே எழுதிவிட்டார். இன்றைக்கு மாடலைப் படமாக்கித் தருகிற மென்பொருள் வி-ரே ஆகட்டும், பிளெண்டரின் சைக்கிள்ஸ் ஆகட்டும், அடியில் ஓடுவது அந்தக் கணக்கு. கேமராவில் இருந்து கோடிக்கணக்கான கதிர்களைப் பின்னோக்கி அனுப்பி, ஒவ்வொன்றும் எங்கே முட்டி எங்கே திரும்புகிறது என்று பார்க்கும். முதலில் ரவையைக் கொட்டிவைத்ததுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும், நேரம் போகப்போகத் தெளியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு படத்துக்கு ராத்திரி முழுக்க ஓடும். விடியற்காலை நாலு மணிக்குக் கரண்டு போனால் ஒப்பாரிதான். இப்போது நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிறது. கணக்கு சுத்தமான கணக்கு. ஆனால் எந்த ஊர் வெயில், எத்தனை மணி வெயில் என்று நாம் சொன்னதைத்தான் அது போடும்.

இங்கேதான் ஒரு கூத்து. வீட்டு மாடல் எழுப்ப நாங்கள் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப் மென்பொருளை உருவாக்கிய கம்பெனி அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரத்தில் இருந்தது. பிறகு 2006-ல் கூகுள் வாங்கி, 2012-ல் டிரிம்பிள் என்கிற கம்பெனிக்குக் கைமாறியது. ஆனால் அந்தப் பிறந்த ஊர்ப் பாசம் போகவில்லை. மாடலுக்கு இடம் எது என்று நாம் சொல்லாவிட்டால், நிழலைப் போல்டர் கணக்கில்தான் போடும். அந்த ஊர் 40 டிகிரி வடக்கே இருக்கிறது. நாம் 8.7 டிகிரி. அங்கே உச்சிவெயில் வருடம் முழுக்கத் தெற்கே இருந்துதான் வரும், வடக்குச் சுவரில் மத்தியான வெயில் ஒருநாளும் படாது. முதல் நாலு வருடம் பாளையங்கோட்டை வீடுகளுக்குப் போல்டர் வெயிலை அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒருத்தரும் கேட்கவில்லை. நிழல் விழுந்தால் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வெயில் எப்படி? சித்திரை விசுவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 12 வாக்கில், மத்தியானம் 12.20-க்குச் சூரியன் திருநெல்வேலிக்கு நேர் உச்சந்தலையில் நிற்கும். செங்குத்தாக ஒரு கம்பை நட்டால் நிழலே இருக்காது. அதன் பிறகு வடக்கே போய்விட்டு, ஆவணி நடுவில், ஆகஸ்ட் 31 வாக்கில், மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். இடைப்பட்ட நாலரை மாதமும் மத்தியான வெயில் வடக்கே இருந்து வரும். "வடக்குப் பார்த்த ஜன்னல், வெயிலே வராது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் ஆனி மாதம் ஒருநாள் மத்தியானம் வெளியே வந்து அந்தச் சுவரைப் பார்க்கலாம். ஆனால் அந்த வெயில் 75 டிகிரி உயரத்தில் இருந்து வருவதால் இரண்டடி சன்ஷேட்டே அதைச் சமாளித்துவிடும்.

சமாளிக்க முடியாதது மேற்கு. சித்திரையில் நாலு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 36 டிகிரி உயரத்தில், நேர் மேற்கே நிற்கும். இரண்டடி சன்ஷேட் அப்போது ஜன்னலுக்குத் தருகிற நிழல் ஒன்றரை அடிகூட வராது. நான் போட்ட ஏழடிக் கண்ணாடியில் மீதி ஐந்தரை அடி வழியாக வெயில் நேராகப் பட்டாசலுக்குள் நடந்து வரும், செருப்பைக்கூடக் கழற்றாமல். இந்தக் கணக்குக்கு மென்பொருளே வேண்டாம், பத்தாம் வகுப்பு டேன்ஜென்ட் போதும். நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆறேகால் மணிப் படம் அழகாக வந்துவிட்டது, அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

பழைய ஆட்கள் இதைக் கணக்கே போடாமல் செய்திருக்கிறார்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கிழமேலாக ஓடும் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் போய்விடும், வெயிலுக்குக் கிடைப்பது தெருமுகமும் புறவாசலும்தான். திண்ணைக்கு மேல் இறங்கும் ஓட்டுச் சார்ப்பு நாம் குனிந்துதான் நுழைய வேண்டும் என்கிற அளவுக்குத் தாழ்ந்திருக்கும். இப்போது குனிவது கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது. பழசுக்கே திரும்பிப் போவோம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. அந்த வீடுகளின் நடு அறைகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும், அதில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

வெயிலை விடுங்கள், கேமராவுக்கு வருகிறேன். இருபதடித் தெருவில் இருக்கிற வீட்டுக்கு எலிவேஷன் படம் போடுகிறோம். முழு வீடும் படத்துக்குள் வரவேண்டும் என்பதற்காகக் கேமராவை நாற்பது அடி பின்னால் வைப்போம். நாற்பது அடி பின்னால் என்றால் அது எதிர்வீட்டு அடுக்களை. அந்தப் படத்தில் தெரிகிற மாதிரி உங்கள் வீட்டை இந்த உலகத்தில் பார்க்கக் கூடிய ஒரே ஆள், எதிர்வீட்டில் சுவரை ஊடுருவிப் பார்க்கிற யாராவது. தெருவில் நிற்கிற மனிதனுக்குத் தெரிவது கேட்டும், கார் ஷெட்டும், மேலே அண்ணாந்தால் பால்கனியின் அடிப்பாகமும்தான். அந்த அடிப்பாகத்தை யாராவது டிசைன் செய்திருக்கிறோமா? ஈபி போஸ்ட்டை எடுத்துவிடுவோம், வயரை எடுத்துவிடுவோம், பக்கத்து வீட்டின் பூசாத செங்கல் சுவரை எடுத்துவிட்டு அங்கே புல்தரை விரிப்போம். மரம் வைக்கலாம் என்று லைப்ரரியைத் திறந்தால் நான் பழகிய தொகுப்பில் மேப்பிள் இருந்தது, பிர்ச் இருந்தது. வேம்பும் பூவரசும் இல்லை. ஒரு பனையை நானே பிளெண்டரில் மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். காவோலை தொங்குகிற மாதிரி. அதை வைத்துக் கொடுத்த படத்தைத் திருப்பி அனுப்பி, "காஞ்ச மரத்த எடுத்திருங்க" என்றார்கள்.

உள் அறைகளில் இன்னும் மோசம். பத்துக்குப் பதினொன்று படுக்கையறைக்குள் கேமரா வைத்தால் ஒரு மூலைதான் தெரியும். ஆகவே கேமராவைச் சுவருக்கு வெளியே தள்ளி, அந்தச் சுவரை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் வெட்டிவிட்டு, அகலமான லென்ஸ் போட்டு எடுப்போம். அறை கல்யாண மண்டபம் மாதிரி விரியும். சிலர் கட்டிலையே ஒரு சுற்றுச் சுருக்கி வைப்பார்கள். வெள்ளைச் சுவரில் ஒரு தில்லுமுல்லு உண்டு. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பெயிண்டே விழுகிற ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். மென்பொருளில் நூறு வைத்தால் ஒரு ஜன்னலிலேயே அறை பளீரென்று ஆகிவிடும். கட்டி முடித்த பிறகு "படத்துல வெளிச்சமா இருந்துச்சே" என்று கேட்பார்கள். அந்த வெள்ளைச் சுவரின் கீழ் இரண்டடி, ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் செம்மண் தெறித்து என்ன நிறமாகும் என்பதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழையைப் பார்த்த பிறகும், நனைந்த வீட்டை ஒருத்தரும் படம் போடச் சொல்லவில்லை. தரை மட்டும் நனைந்திருக்க வேண்டும், விளக்கு பிரதிபலிக்க.

இவ்வளவு சொல்கிறவன் ஏன் இதே வேலையில் இருக்கிறாய் என்று கேட்கலாம். முக்கூடலில் ஒரு வீட்டுக்கு, கலரே அடிக்காத வெறும் சாம்பல் நிற மாடலை லேப்டாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். என்ஜினியர் கொடுத்த பிளானில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். அந்த வீட்டு ஆச்சி பிளான் தாளைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மாடலுக்குள் நடந்து போவதுபோல் காட்டக் காட்ட, பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அடுக்களைக்குள்ள போடே... அங்கணம் எங்க?"

"சிங்க் இருக்கு ஆச்சி."

"மீன் கழுவணும்னா நின்னுக்கிட்டா கழுவுவாவ?"

மாடிப்படி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இது என்ன, ஏறும்போது தலை இடிக்கும் போலிருக்கே." அளந்து பார்த்தேன். மேலே பீமுக்கும் படிக்கும் நடுவில் ஐந்தடி ஒன்பது அங்குலம். பேரன் ஆறடி. கையெழுத்துப் போட்ட நாலு ஆம்பிளைகளுக்கும் தாளில் தெரியாதது, படிக்கத் தெரியாத ஆச்சிக்கு அரை நிமிடத்தில் தெரிந்தது. கம்பி கட்டி கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் உடைப்பதற்கே பெரிய செலவு. இதற்குத்தான் 3டி. டைல்ஸ் பளபளப்புக்கும் புரொஃபைல் லைட்டுக்கும் முன்னால், சாம்பல் நிறத்தில், நம் ஊர் வெயிலோடு.

இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் திருட்டு மென்பொருளுக்குள் போக வேண்டாம். பிளெண்டர் இலவசம். 2002-ல் பயனாளர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து விடுதலை வாங்கிய மென்பொருள் அது. அதில் சூரியனுக்கென்றே ஒரு ஆட்-ஆன் உண்டு. 8.73, 77.7 என்று இரண்டு எண்ணைப் போட்டு, தேதியும் மணியும் கொடுத்தால் நம் வெயில் வந்து நிற்கும். ஒரு நிமிட வேலை. ஏஐ படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு "இதே மாதிரி" என்று வருகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். போன மாதம் வந்த படத்தில் இரண்டாவது மாடி எதன் மேலும் நிற்கவில்லை.

கேடிசி நகர் அக்காவுக்கு மறுநாளே ஒரு மாடல் போட்டு அனுப்பினேன், காசு வாங்காமல். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு உள்ளே வந்தது வந்ததுதான், உள்ளே பாய் கட்டிப் பாதிதான் பயன். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். ஐந்தடிக்கு ஒரு ஓட்டுச் சார்ப்பைத் தாழ்வாக இறக்கி, அதன் விளிம்பில் சுருட்டி விடுகிற மூங்கில் தட்டி. நாலு மணிக்குச் சார்ப்பு தாங்கும், ஐந்தரைக்குத் தட்டி தாங்கும். முகப்பின் அழகு போய்விடும் என்று அண்ணாச்சி இன்னும் யோசிக்கிறார். அந்த அழகை அவர் மனதில் ஏற்றியவன் நான் என்பதால் வற்புறுத்த வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் முதல் படமாகச் சித்திரை நாலு மணிப் படத்தைத்தான் கொடுக்கிறேன். அந்திப் படமும் தருகிறேன், எனக்கும் வயிறு இருக்கிறது, ஆனால் அது கடைசியில். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. "ஒங்க படம் வெளுத்துப்போன மாதிரி இருக்கு தம்பி" என்றார்கள். நாலு மணிக்கு நம் ஊரே வெளுத்துப்போய்த்தானே இருக்கும்.

போன வாரம் பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வெயில் விழுந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல என்ன வருது?"

"ஒங்க கட்டில் சார்."

வீட்டம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து படுக்கையறையைக் கிழக்கே தள்ளி, மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கு ஓரமாகக் கொண்டுவந்தார்கள். வெயில் அதுகளின் மேல் விழட்டும் என்று. நான் அங்கேயே மாடலை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். அந்தம்மா திரையைப் பார்த்துவிட்டு, "வெயிலு இம்புட்டு அடிக்குல்லா, படிக்கு மேல ஒரு மேடை போட்டுக்கிடுங்க, வத்தல் காயப்போடலாம்" என்றார்கள்.

மூன்றுக்கு ஆறு, முழங்கால் உயரம். அதையும் ஏற்றியாயிற்று.