17 இன்ச் போட்டால் குலுங்காதா?

"வீல் பெரிசானால் பள்ளத்தில் குலுங்காது, காருக்கு 17 இன்ச் போடுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது நேர்மாறு. டயரோடு சேர்த்த மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான். நடுவில் இருக்கும் உலோக ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர்தான் குறைகிறது. 185/65 ஆர்15 (அதாவது 15 இன்ச் ரிம்) டயரின் பக்கவாட்டு உயரம் 120 மி.மீ., அதற்கு மாற்றாகப் போடும் 205/45 ஆர்17-இல் 92 மி.மீ.தான். குலுக்கலை முதலில் வாங்கிக்கொள்வது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும்போது இருட்டில் ஒரு பள்ளம், என் 17 இன்ச் அலாய் வீல் வளைந்தே போனது. அப்புறம் பழைய 15-க்கே திரும்பிவிட்டேன்.

வளைவில் வண்டி சொன்னபடி திரும்பும், அது உண்மை. பார்க்கவும் ஜோர்தான். ஆம்பூர் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் சரி, போடுங்கள். லோடு இன்டெக்ஸ் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) மட்டும் பழையதைவிடக் குறையக்கூடாது.