சைனுக்கு மட்டும் ஏன் −90 முதல் 90 வரை?

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் என்று ஒரு பாடம் இருக்கிறது; சைன், கொசைன் போன்றவற்றின் மதிப்பைக் கொடுத்தால் கோணத்தைத் திருப்பித் தருபவை அவை. ஆறு சார்பு, ஆறு சார்பகம் (உள்ளே போடக்கூடிய எண்கள்), ஆறு வீச்சகம் (வெளியே வரும் விடைகள்). எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக நீட்டி, "மனப்பாடம் பண்ணிக்கோ, தேர்வுக்குப் போதும்" என்று சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த அட்டவணை கடைசியில் வர வேண்டியது.

முதலில் கால்குலேட்டரைக் கையில் கொடுங்கள். டிகிரியில் வைத்து சைன் 150 போட்டால் 0.5 வரும். அந்த 0.5-க்கு நேர்மாறு சைன் போட்டால் 30 என்கிறது. போட்டது 150 ஆச்சே, அது எங்கே போச்சு? இதைப் பிள்ளையே கேட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. 30, 150, 390, 510 எல்லாவற்றுக்கும் சைன் 0.5தான். சார்பு என்றால் ஒரு எண்ணுக்கு ஒரே விடை. ஆக, கோணங்களில் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கியே தீர வேண்டும்.

எந்தத் துண்டு? அவர்களே சொல்லட்டும். 0 முதல் 180 என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வரைபடத்தைப் பார்த்தால் குட்டு உடையும்: 1-ஐத் தவிர மற்ற மதிப்பெல்லாம் இரண்டு தடவை வருகிறது, குறை எண் ஒன்றுகூட வரவில்லை. −90 முதல் 90 வரை ஏறுமுகம்தான். −1 முதல் 1 வரை எல்லாம் ஒரே தடவை. 90 முதல் 270 எடுத்தாலும் தப்பில்லை, இறங்குமுகமாக அதே வேலை நடக்கும். குறுங்கோணங்கள் உள்ளே இருப்பதால் முதல் துண்டு வசதி, அவ்வளவுதான். கொசைனுக்கு இந்தத் துண்டு உதவாது, அங்கே 0 முதல் 180. டேஞ்சன்ட்டுக்கு சைனின் துண்டேதான், ஆனால் இரண்டு முனையும் சேராது.

இது வெறும் ஏற்பாடுதான் என்பதற்குச் சாட்சி சீகண்ட், அதாவது 1-ஐக் கொசைனால் வகுத்தால் வருவது. −2-க்கு நேர்மாறு சீகண்ட் நம் பாடநூல்படி 120°. அமெரிக்கக் கால்குலஸ் புத்தகங்கள் சிலவற்றில் 240°. இரண்டும் சரி. நம் துண்டில் வகைக்கெழுவுக்குள் (சார்பு மாறும் வீதத்துக்குள்) ஒரு மட்டு மதிப்பு, அதாவது குறியை நீக்கும் மாடுலஸ், வந்து உட்காரும்; அவர்கள் துண்டில் அது தேவையில்லை, அவர்கள் எடுக்கும் மூன்றாம் கால்பகுதியில் (180 முதல் 270 வரை) டேஞ்சன்ட் மிகை என்பதால். "இந்த மாடுலஸ் எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்கிற பிள்ளைக்கு அட்டவணையில் பதில் கிடையாது.