வெலிங்டனில் வெலிங்டன் பிரபு தங்கினாரா?

குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. திப்புவுடன் போரிட்ட காலத்தில் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன் பிரபு படையோடு நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து ஊரான வெலிங்டனில் தங்கி, அங்குள்ள பாரக்ஸை (படைவீரர் தங்கும் கட்டடத்தை) கட்டினார், அதனால்தான் ஊருக்கு அவர் பெயர் என்கிறது அது. இது தவறு.

ஆண்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திப்பு இறந்தது 1799இல். அந்தப் போரில் பங்கெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு, 1805இல் இந்தியாவை விட்டே போய்விட்டார். ஆங்கிலேய நில அளவையாளர்கள் நீலகிரி மேட்டுக்கு ஏறி வந்ததோ 1812இல்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தது 1819இல். அப்புறம்தான் மலையில் வெள்ளையர் குடியேற்றமே தொடங்கியது.

பாரக்ஸ் வேலை 1850களில் நடந்தது. பிரபு 1852இலேயே லண்டனில் அடக்கமாகிவிட்டார். கட்டும்போது அதன் பெயர் 'ஜக்கதளா பாரக்ஸ்'. பக்கத்துப் படுகர் ஊரான ஜெகதளாவின் பெயரைத்தான் ஆங்கிலேயர் அப்படி எழுதினார்கள். பிரபுவின் நினைவாக வெலிங்டன் என்று மாற்றியது பிறகு. ஆக, பெயர் அவருடையதுதான், ஆனால் அவர் கால் இந்த மண்ணில் பட்டதால் வந்ததல்ல.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்தக் கதையில் ஜெகதளா காணாமல் போகிறது. வெலிங்டன் என்ற பெயர் வருவதற்கு முன்பே இருந்த ஊர் அது, இன்றும் பேரூராட்சியாக இருக்கிறது. பாரக்ஸைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அந்தப் பெயரையும் சொல்லுங்கள்.